களப்படை மருத்துவத்தில் பாம்புக்கடி

களப்படை மருத்துவத்தில் பாம்புக்கடி ஆயத்தம் என்பது, மருத்துவமனைகளிலிருந்து வெகு தொலைவில் இயங்கும் படையினரை நச்சுப்பாம்பு தீண்டினால் உயிர் காப்பதற்கெனச் செய்யப்படும் முன்னேற்பாடுகளைக் குறிக்கும். ஆப்பிரிக்காவின் சாகேல் போன்ற வெப்பப் பகுதிகளில் இது முதன்மை பெறுகிறது. அங்கு சுருட்டை விரியன் வகைகள், பஃப் விரியன், நாகங்கள், மாம்பாக்கள் ஆகியன காணப்படுகின்றன.

வரலாறு

பாம்பு நச்சுமுறி மருந்தின் தொடக்கமே படை மருத்துவத்துடன் தொடர்புடையது. பிரெஞ்சுக் கடற்படை மருத்துவராக இருந்த ஆல்பர்ட் கால்மெட், 1890களின் தொடக்கத்தில் சைகோனில் நாகப்பாம்பின் நஞ்சை ஆராயத் தொடங்கினார். பின்னர் பிரான்சில் குதிரைகளின் குருதியிலிருந்து நச்சுமுறியை உருவாக்கினார். அது எல்லாப் பாம்புகளுக்கும் பயன்படும் என்ற அவரது எண்ணம் பின்னர் தவறெனத் தெரிந்தது.

மருந்துத் தெரிவு

படைகள் எதிர்நோக்கும் பெருஞ்சிக்கல் இதுவே. ஒரு நாட்டுப் பாம்பின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து, பெயரளவில் அதே இனத்தைச் சேர்ந்த வேற்றுநாட்டுப் பாம்பிற்குப் பயன்படாமல் போகலாம். கானாவில் ஒரு மருத்துவமனையில், உள்ளூர் விரியனுக்குப் பொருந்தாத மருந்துக்கு மாறியபின் இறப்பு வீதம் 1.8 விழுக்காட்டிலிருந்து 12.1 விழுக்காடாக உயர்ந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, தாய்நாட்டில் கிடைக்கும் மருந்தைப் பெட்டியில் அடுக்கிச் செல்வது ஆயத்தம் ஆகாது.

10 ஆப்பிரிக்கப் பாம்பினங்களுக்கு எதிராகச் செயற்பட்ட ஃபாவ்-ஆஃப்ரிக் மருந்தின் உற்பத்தியை சனோஃபி பாஸ்டர் நிறுவனம் 2014இல் நிறுத்தியது. கடைசித் தொகுதி 2016 சூனில் காலாவதியானது. போதிய வருவாய் இன்மையே இதற்குக் காரணம்.

நீர்ம நிலையிலுள்ள நச்சுமுறியை 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். பாலைவன முகாமில் இது கடினம். எனவே உறையவைத்து உலர்த்திய தூள் வடிவமே களத்திற்கு ஏற்றது. எனினும் தூள் முழுதும் கரையச் சிறிது நேரம் பிடிக்கும்.

களத்தில் சிகிச்சை

குண்டடிக் காயத்திற்கு இறுக்குப்பட்டை கட்டும் பயிற்சி பெற்ற வீரர், பாம்புக்கடிக்கும் அதையே செய்ய முற்படுவது இயல்பு. இது தீங்கானது, குருதியோட்டம் தடைப்பட்டு உறுப்பை இழக்க நேரிடலாம். திரைப்படங்களில் வருவதுபோல் கடிவாயைக் கீறி உறிஞ்சுவதும் பயனற்றது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், காலணி ஆகியவற்றைக் கழற்றி, நோயாளியை விரைவில் அப்புறப்படுத்த வேண்டும். 1970களின் இறுதியில் ஆசுத்திரேலியாவில் உருவான அழுத்தக் கட்டு முறை நரம்பைத் தாக்கும் நஞ்சுகளுக்கு ஏற்றது. திசுக்களை அழிக்கும் விரியன் நஞ்சிற்கு அது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

ஆய்வகம் இல்லாத இடத்தில் 20 நிமிடக் குருதி உறைதல் சோதனை பெரிதும் உதவுகிறது. சில மில்லிலீட்டர் குருதியைத் தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடங்கள் அசைக்காமல் வைத்துப் பின் சாய்த்துப் பார்ப்பர். உறையாமல் வழிந்தால் நஞ்சு குருதியைத் தாக்கியிருக்கிறது எனக் கொள்ளலாம். குழாய் கண்ணாடியால் ஆனதாகவே இருத்தல் வேண்டும். நெகிழிக் குழாய் தவறான முடிவைத் தரும்.

நச்சுமுறி சிரை வழியே செலுத்தப்படுகிறது. கடும் ஒவ்வாமை ஏற்படக்கூடுமாதலால் அட்ரினலின் அருகிலேயே இருக்க வேண்டும். மாம்பா, நாகம் ஆகியவற்றின் கடியில் மூச்சுத்தசைகள் செயலிழக்கக்கூடும். அப்போது உலங்கு வானூர்தி வரும்வரை செயற்கைச் சுவாசம் அளிப்பதே உயிர்காக்கும்.

புதிய முயற்சிகள்

வாய்வழி உட்கொள்ளத்தக்க வரெசுபிளாடிப் எனும் மருந்தின் ஆய்விற்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நிதியளித்துள்ளது. வீரர் தம் பையிலேயே வைத்திருந்து உடனே விழுங்கலாம் என்பதே இதன் ஈர்ப்பு. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவுகள் 2024இல் வெளியாயின. அதில் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை.