பாடம் செய்யப்பட்ட ஆப்பிரிக்கா

நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று மியூசியத்தில் ஆப்பிரிக்கப் பாலூட்டிகளுக்கென்று ஒரு கூடம் இருக்கிறது. 1936இல் திறக்கப்பட்டது. நடுவே எட்டு யானைகள். சுற்றிலும் இரண்டு தளங்களில் 28 கண்ணாடி அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு நிலப்பகுதியும் அதற்குரிய மிருகங்களும். பின்சுவர் வளைவாகக் கட்டப்பட்டிருப்பதால் மூலை தெரிவதில்லை. அதில் தீட்டிய வானம் எங்கோ தொலைவுக்குப் போய்விடுகிறது.

இக்கூடத்தைத் திட்டமிட்டவர் கார்ல் ஏக்லி (1864–1926). 1885இல் கனடாவில் ரயில் எஞ்சின் மோதிச் செத்த ஜம்போ என்ற சர்க்கஸ் யானையைப் பாடம் செய்தவர்களில் இளைஞரான அவரும் ஒருவர். தோலைத் தைத்து வைக்கோலைத் திணிப்பதே அன்று பரவலான வழக்கம். ஏக்லி மிருகத்தின் அளவுகளைக் குறித்துக்கொண்டு, தசைகளைக் களிமண்ணில் உருவாக்கி, பிளாஸ்டரில் அச்செடுத்து, அதிலிருந்து உள்கூடான, இலேசான ஓர் உடலை வார்த்து, அதன்மேல் தோலைப் போர்த்தினார். சிற்பியின் காரியம் இது. நாம் உயிர் என்று மயங்குவது ஒரு சிற்பத்தைப் பார்த்துத்தான். அசலாக மிஞ்சுவது பெரும்பாலும் தோல்.

1921இல் அவர் அன்றைய பெல்ஜியன் காங்கோவின் விருங்கா மலைகளுக்குப் போனார். மியூசியத்துக்காக ஐந்து கொரில்லாக்கள் கொல்லப்பட்டன. அவற்றில் ஒரு குட்டி, வழிகாட்டிகளின் ஈட்டிக்கு இரையானது. அதன் முகத்தில் தெரிந்த இறைஞ்சலை ஏக்லியே எழுதி வைத்திருக்கிறார். கொரில்லாவை மூர்க்கப் பிராணி என்று சொல்லி வந்த வேட்டைக் கதைகளை மறுத்ததோடு நிற்காமல், அவற்றைக் காப்பாற்றும்படி பெல்ஜிய மன்னரின் ஆதரவையும் தேடினார். 1925இல் ஆல்பர்ட் தேசியப் பூங்கா உருவாயிற்று. ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா. அடுத்த ஆண்டு அதே மலைத்தொடரில், மிகேனோ சரிவில், ஏக்லி இறந்தார். அங்கேயே புதைக்கப்பட்டார்.

கொன்றவனே காவலனாவது எப்படி என்ற கேள்வி உடனே எழும். டானா ஹாராவே 1984இல் எழுதிய கட்டுரை, இக்கூடத்தின் ஆண்மை வழிபாட்டையும் நிற மேட்டிமையையும் விரிவாகவே அம்பலப்படுத்திவிட்டது. என் கவனம் வேறொன்றில். கண்ணாடி அறைக்கும் பூங்காவுக்கும் ஒரே உருவம்தான் என்று தோன்றுகிறது.

கண்ணாடி அறைகளில் மிருகம் இருக்கிறது, புல் இருக்கிறது, மலை இருக்கிறது. மனிதன் இல்லை. தடம் பார்த்தவன், துப்பாக்கி சுமந்தவன், உரித்த தோலைத் தலையில் வைத்து இறக்கியவன், யாரும் இல்லை. 1905இல் சிறுவனாக ஏக்லியிடம் வந்து சேர்ந்த கிகூயூ இனத்தவர் விம்பியா கிகுங்கு. ஏக்லி அவரை ‘பில்’ என்றே அழைத்தார். தம் புத்தகத்தில் ஓர் அத்தியாயமும் தந்தார். கூடத்தின் காட்சிகளில் அவருக்கு இடமில்லை. பூங்காவிலும் நடந்தது அதுதான். அந்த நிலத்தை ஆண்டு அனுபவித்து வந்தவர்கள் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். மனிதச் சுவடு படாத இயற்கை என்ற பாவனை முதலில் கண்ணாடிக்குப் பின்னால் சாத்தியமாயிற்று. பிறகு சட்டத்தின் மூலம் ஒரு மலைமீதே சாத்தியமாயிற்று.

இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை. 2018இல் வெளியான கணக்கின்படி உலகில் மலைக் கொரில்லாக்கள் ஆயிரத்துக்குச் சற்று அதிகம். அந்தப் பூங்காவும் அதன் வழிவந்த காப்பும் இல்லாமல் இவை எஞ்சியிருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வெளியேற்றப்பட்டவனின் நியாயமும் எஞ்சிய மிருகத்தின் உயிரும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. இரண்டையும் ஒருசேரச் சுமப்பதுதான் கஷ்டம்.

ஏக்லிக்காக யானை சுட்டுத் தந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் சிலை 1940 முதல் மியூசிய வாசலில் நின்றது. அவர் குதிரைமேல், இருபுறமும் ஓர் ஆப்பிரிக்கரும் ஓர் அமெரிக்கப் பூர்வகுடியும் கால்நடையாக. 2022இல் அதை அகற்றினார்கள். அங்கே தாழ்ந்த இடத்திலாவது அந்த ஆப்பிரிக்கர் கண்ணுக்குத் தெரிந்தார். அதனால்தான் வெட்கமும் வந்தது. உள்ளே கண்ணாடி அறைகளில் அவர் இல்லவே இல்லை. அங்கே அகற்றுவதற்கும் ஒன்றுமில்லை.