களரியும் பலிபீடமும்

திருவண்ணாமலை என்றதும் நம் நினைவில் எழுவன மலையும், கார்த்திகைத் தீபமும், அருணாசலேசுவரர் கோயிலின் நெடிய கோபுரங்களுமே. ஆனால் 1989-இல் பழைய வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து உருவான இம்மாவட்டத்தின் பெருமை அக்கோபுரங்களின் நிழலோடு முடிந்துவிடுவதில்லை. செய்யாறு, வந்தவாசி வட்டாரத்துச் சிற்றூர்களில், அறுவடை முடிந்து நிலம் ஓய்ந்திருக்கும் கோடையில், இரவு பத்து மணிக்குமேல் மத்தள ஒலி எழும். பாயும் போர்வையுமாகக் குடும்பங்கள் திரௌபதி அம்மன் கோயில் வெளியை நோக்கி நடக்கும். அங்கே விடியும்வரை நிகழ்வது தெருக்கூத்து. நாடகத்தை மேடையேற்றுவது என்றால் என்ன என்பதை இக்கூத்திடம் கற்றுக்கொள்ளலாம். கத்தோலிக்கராகிய நமக்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

கூத்துக்கு உயர்ந்த மேடை கிடையாது. சமமான மண்தரையே களரி. மூன்று புறமும் மக்கள் அமர்ந்திருப்பர். நான்காம் புறத்தில் ஒரு பலகை. அதில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் ஆகியவற்றோடு பின்பாட்டுக்காரர் இருப்பர். சற்றுத் தள்ளி, தட்டி கட்டி மறைத்த ஒப்பனை இடம். அங்கே பொழுது சாயும்போதே வேலை தொடங்கிவிடும். முகத்தில் அரிதாரம் பூசி, கோடுகள் எழுதி, தலையில் கிரீடமும் தோளில் புயக்கட்டையும் மார்பில் பதக்கமும் பூட்டுவர். இவை கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டுகளும் பதித்துச் செய்யப்பட்டவை. அக்கண்ணாடிகள் வெறும் அழகுக்காக அல்ல. தீவட்டியின் மங்கிய ஒளியை வாங்கிச் சிதறச் செய்து, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் வேடத்தின் அசைவைக் காட்டுபவை அவையே. தீவட்டி போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது. அதுவும் போய் மின்விளக்கு வந்தது. கண்ணாடி மட்டும் நிலைத்துவிட்டது.

பெரிய வேடம் களரிக்குள் நுழையும் முறை தனி அழகுடையது. இருவர் ஒரு துணித்திரையை விரித்துப் பிடிப்பர். அதன் பின்னிருந்து பாட்டு எழும். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனியும், கீழே சலங்கை கட்டிய காலும் மட்டும் தெரியும். நெடுநேரம் காத்திருக்கச் செய்தபின்னரே திரை விலகும். அதற்குள் அவ்வேடத்தை ஊர் தன் மனத்தில் பாதி உருவாக்கிவிட்டிருக்கும். பிறகு கட்டியங்காரன் வந்து, வந்தவர் யாரென்று கேட்பான். அரசனிடமும் கிண்டல் பேசுவான். கதையை நிறுத்தி உள்ளூர்ச் செய்தியைச் சொல்வான். கதைக்கும் ஊருக்கும் நடுவே வாயிற்காவலனாக நிற்பவன் அவன்.

பாரத விழாவின்போது இந்தக் களரி ஊர் அளவுக்கு விரிகிறது. பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தைத் தழுவிய சொற்பொழிவும் இரவில் கூத்துமாகப் பல நாள்கள் நடைபெறும். அருச்சுனன் தவத்தன்று வேடதாரி நெடிய மரக்கம்பத்தின் உச்சிக்கு ஏறிப் பாடுவார். பதினெட்டாம் போர் நாளில் துரியோதனனின் உருவத்தை ஊர்வெளியில் மண்ணால் மிகப் பெரிதாகப் படுக்க வைத்திருப்பர். வீமன் அதன் தொடையைப் பிளப்பான். திரௌபதி கூந்தலை முடிப்பாள். மாலையில் தீமிதி நடைபெறும். விரதம் இருந்தவர், வரி கொடுத்தவர், மண் சுமந்தவர், அழுதவர் அனைவரும் அந்நாடகத்தின் உறுப்பினர். வெறும் பார்வையாளர் என்று அங்கே எவரும் இல்லை.

இக்கலையை வாழவைத்தது எது? தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேசுவர நாடகம் நடத்திய சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளிக்க ஏற்பாடு செய்த 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அன்று கலைஞனுக்குக் கோயிலின் நெல் கிடைத்தது. பின்னர்த் தாம்பூலம் வைத்து அழைத்த ஊர்களின் ஆதரவு கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களின் வழியே சட்டமிட்ட மேடையும், வண்ணப் படுதாக்களும், நுழைவுச் சீட்டும் தமிழகத்துக்கு வந்தன. சங்கரதாச சுவாமிகள் (1867–1922) எழுதிப் பயிற்றுவித்த நாடகங்கள் அம்மேடையில் ஓங்கின. நவாப் இராசமாணிக்கம் தம் குழுவைக் கொண்டு ‘இயேசுநாதர்’ நாடகத்தையே நடத்தினார். நகர மேடை வளர்ந்தது நன்றே. ஆனால் கற்றோர் கண்ணில் தெருக்கூத்து தாழ்ந்தது. ‘கூத்தாடி’ என்பது வசைச்சொல்லாயிற்று.

அந்த வசையைத் தாங்கிக்கொண்டு கலையைக் காத்த ஊர்களுள் ஒன்று செய்யாற்றுக்கு அருகிலுள்ள புரிசை. தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடி வரும் குடும்பம் அங்கே உண்டு. அக்குடும்பத்தின் நடேசத் தம்பிரானது கூத்தை 1970-களில் கண்ட எழுத்தாளர் ந. முத்துசாமி, தமிழின் நவீன நாடகத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என உணர்ந்தார். 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். நடேசத் தம்பிரானின் தம்பி கண்ணப்பத் தம்பிரான் அங்கே நகர இளைஞர்களுக்கு ஆசானானார். 2003-இல் அவர் மறைந்த பின்னும், மகன் சம்பந்தன் வழியாக மரபு தொடர்ந்தது.

புரிசைக் குழுவினர் கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கெசின் கதை ஒன்றையும் கூத்தாக்கினர். பெருஞ்சிறகுகளோடு ஒரு கிழவர் ஓர் ஏழைக் குடும்பத்தின் முற்றத்துச் சேற்றில் விழுகிறார். அவரைக் கோழிக்கூண்டில் அடைக்கிறார்கள். பங்குக்குரு வந்து இலத்தீனில் வாழ்த்துகிறார். பதில் வராததால் ஐயுறுகிறார். வானதூதரின் இலக்கணத்துக்கு அவர் பொருந்தவில்லை. இக்கதையைப் படிக்கும்போது, நம் வாசலில் வந்து நின்ற இக்கலையை நாமும் அவ்வாறே பார்த்தோமோ என்று உள்ளம் உறுத்துகிறது.

ஏனெனில் திருச்சபைக்கு நாடகம் அந்நியமன்று. உரோமையரின் அரங்கு அழிந்தபின், ஐரோப்பாவில் நாடகம் மீண்டும் துளிர்த்தது பலிபீடத்தின் அருகில்தான். 10-ஆம் நூற்றாண்டில் துறவிகள், உயிர்ப்புப் பெருவிழாவின் வழிபாட்டில், கல்லறைக்கு வந்த பெண்களும் வானதூதரும் பேசிய சில வரிகளை எதிரெதிரே நின்று பாடினர். அவ்விதையிலிருந்தே பாடுகளின் நாடகங்கள் கிளைத்தன. செருமனியின் ஓபராமர்காவ் ஊரார் 1633-இல் கொள்ளைநோயின்போது செய்த நேர்ச்சையின்படி 1634 முதல் பாடுகளின் நாடகத்தை நடத்தி வருகின்றனர். அண்மையில் 2022-இல் நடத்தினர். அவ்வூரில் பிறந்தவரோ, 20 ஆண்டுகள் வாழ்ந்தவரோதான் அதில் நடிக்கலாம். திரௌபதி அம்மன் விழாவின் விதியும் ஏறத்தாழ இதுவே: நாடகம் ஊருடையது.

நம் மொழியிலும் இம்மரபு செழித்தது. யாழ்ப்பாணம், மன்னார்க் கரையோரக் கத்தோலிக்க ஊர்கள் எஸ்தாக்கியார், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி முதலிய கதைகளைக் கூத்தாகவும் வாசாப்பாகவும் ஆடிவந்தன. அவற்றுள் சிலவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் பதிப்பித்தார். தமிழ்க் கத்தோலிக்கக் கூத்தே சிங்களரின் நாடகமவுக்கு ஊற்றானது என்பது ஆய்வாளர் கருத்து. அந்த நாடகமவைக் கொண்டே எதிரிவீர சரத்சந்திர 1956-இல் ‘மனமே’ நாடகத்தைப் படைத்தார். மீனவர் ஊர்களின் பங்குத் திருவிழாக் கூத்து இன்னொரு மொழியின் தலைசிறந்த நாடகத்துக்கு வழி திறந்தது! 1965-இல் மரியசேவியர் அடிகளார் யாழ்ப்பாணத்தில் நிறுவிய திருமறைக் கலாமன்றம், போர்க்காலத்திலும் பாடுகளின் நாடகத்தைக் கைவிடவில்லை.

வழிபாட்டில் இறைமக்கள் வாய்பேசாப் பார்வையாளராய் இராமல் முழுமையாகப் பங்குபெற வேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வலியுறுத்தியது. களரியில் நெடுங்காலமாக நிலவி வந்த உண்மைதானே அது? ஆயினும் இன்று நம் பங்குகள் பலவற்றில் தவக்கால நாடகம் எவ்வாறு நடைபெறுகிறது? உரையாடலும் பாட்டும் முன்பே பதிவு செய்யப்பட்டு வருகின்றன. நம் இளைஞர்கள் அதற்கு வாயசைக்கிறார்கள். ஒலியும் ஒளியும் குறைவின்றி இருக்கின்றன. ஆனால் இயேசுவின் துயரைத் தன் தொண்டையால் சொல்லிப் பார்க்கும் வாய்ப்பை அந்த இளைஞன் இழக்கிறான். தவறுவதற்கு இடமில்லாத மேடையில் நடுங்குவதற்கும் இடமில்லை. பேதுருவாக நிற்பவனின் குரல் சற்றேனும் நடுங்க வேண்டாமா?

கருவிகளைப் பழிப்பதற்கில்லை, பெட்ரோமாக்சைக் கூத்து ஏற்றுக்கொண்டதே. ஊரின் குரலையே வெளியிலிருந்து வாங்கிவிட்டால் ஊருக்கு என்ன பங்கு மிஞ்சும் என்பதே வினா. நம் திருவிழாவுக்கு இன்னிசைக் குழுவை அழைக்கும் நாம், ஓர் ஆண்டேனும் அருகிலுள்ள கூத்துக் குழுவுக்குத் தாம்பூலம் வைத்து, யோசேப்பின் கதையையோ ஊதாரி மைந்தனின் கதையையோ ஆடித் தருமாறு கேட்கலாம். ‘கூத்தாடி’ என்னும் சொல்லுக்கு அது ஒரு சிறு பரிகாரமாகவும் அமையும்.

களரியில் திரை தானாக நிற்பதில்லை. கூலிக்கும் புகழுக்கும் முன்வரிசையில் இல்லாத இருவர், கை வலிக்க, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றனர். அவர்கள் நிற்கும்வரைதான் அரசன் வருவான். நம் பங்குகளிலும் அவ்வாறு திரை பிடிக்கும் கைகள் வேண்டும்.