உடற்பயிற்சிப் பழக்கம் நிலைபெறும் முறை: புதுச்சேரியை முன்வைத்து

1. வரையறை

ஒருவர் நாள்தோறும் நடக்கிறார் என்பதனாலேயே அதைப் பழக்கம் எனக் கொள்வதற்கில்லை. விடியலில் தம் மனத்தோடு வாதாடி வென்ற பிறகே அவர் புறப்படுகிறார் என்றால், அது இன்னும் முயற்சி நிலையிலேயே இருக்கிறது. குறித்த சூழலில் குறித்த செயல் யோசனைக்கு இடமின்றித் தொடங்கிவிடுவதே பழக்கம். இத்தன்மையைத் 'தானியக்கம்' என்றும், செயலைத் தொடங்கிவைக்கும் புறக்காரணத்தைத் 'தூண்டுகுறி' என்றும் இங்கு வழங்குவோம்.

2. தூண்டுகுறியின் வகைகள்

காலம், இடம், கூட்டு எனத் தூண்டுகுறி மூவகைப்படும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மூன்றும் ஒருங்கே அமைந்துள்ளன. மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை அங்கு வாகனங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே, காலையில் வாக்கிங் வருபவருக்கு நேரத்தின் எல்லையை நகரமே வகுத்துவிடுகிறது. 'கொஞ்சம் கழித்துப் போகலாம்' என்ற எண்ணத்துக்கு இடம் குறைவு. டூப்ளே சிலை வரை சென்று திரும்புவது என்று வைத்துக்கொண்டால் தூரத்தையும் தினந்தோறும் தீர்மானிக்க வேண்டியதில்லை. கூட்டின் ஆற்றலோ இவ்விரண்டினும் பெரிது என்பது எம் துணிபு. ஒருநாள் வராதவரை மறுநாள் காந்தி சிலையருகே, "நேத்து காணோமே சார்?" என்று பெயரும் அறியாத ஒருவர் கேட்கிறார். அக்கேள்வி அடுத்த நாளுக்கும் அவரை அழைத்துவருகிறது.

கூட்டுக்குறியை ஒழுங்காகவே வளர்த்த சான்றும் இவ்வூரில் உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தில் 1943 டிசம்பர் 2 அன்று பள்ளி தொடங்கியது; உடற்கல்வி விரைவில் அதன் அங்கமாயிற்று. பயில்வோர் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். குழுவுக்கொரு நிறத்தில் சீருடை. டிசம்பர் 2 உடற்பயிற்சி விளக்க நாளாகவும் ஆயிற்று. குழுவாக அணிவகுக்க வேண்டிய நாள் முன்கூட்டியே தெரிவதால், அன்றாடப் பயிற்சி தனிமனித விருப்பத்தை மட்டும் நம்பியிருப்பதில்லை.

3. நிலைகள்

தொடக்கம், ஊன்றல், முறிவு, மீள்நுழைவு என நிலைகள் நான்கு. ஊன்றலுக்கு 21 நாள் போதும் என்பது பரவலான நம்பிக்கை. ஆய்வு அதற்குத் துணைநிற்கவில்லை. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வில் இடைநிலைக் காலம் 66 நாள்; ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. உடற்பயிற்சியைத் தேர்ந்தோருக்கு உண்ணல், பருகல் பழக்கங்களைக் காட்டிலும் நெடுங்காலம் பிடித்தது. ஒருநாள் தவறியதால் தானியக்கத்தின் வளர்ச்சி குறிப்பிடத்தக்க அளவில் குன்றவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவு.

எனவே முறிவை விட்டு, மீள்நுழைவையே நாம் கருத வேண்டும். ஆகஸ்டில் நடக்கத் தொடங்கியவருக்கு, பழக்கம் ஊன்றும் தறுவாயில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. தொடர்மழையில் சாலைக்குச் செல்ல முடியாது. இடக்குறியும் கூட்டுக்குறியும் ஒருசேர அறுபடுகின்றன. எஞ்சுவது காலக்குறி ஒன்றே. மழை நாளிலும் அதே நேரத்தில் எழுந்து, நடைக்கான ஷூவை மாட்டிக்கொண்டு, தாழ்வாரத்திலோ மாடிப்படியிலோ பத்து நிமிடம் நடப்பவர் அந்த இழையைக் காக்கிறார். மழை விட்ட காலையில் அவர் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.