நோயாளர் மனநிறைவு வேறுபாடுகள் (இங்கிலாந்து)

ஒரே மருத்துவ அமைப்பில் சிகிச்சை பெறுவோர், இனத்தையும் பாலீர்ப்பையும் பொறுத்து வெவ்வேறு அளவில் நிறைவு தெரிவிப்பதே நோயாளர் மனநிறைவு வேறுபாடு. 1948 முதல் தேசிய சுகாதாரச் சேவை இயங்கிவரும் இங்கிலாந்தில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அங்கே குடும்ப மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அதனால் காசு தவிர்த்த காரணங்கள் பளிச்சென்று தெரிகின்றன.

2007இல் தொடங்கிய குடும்ப மருத்துவர் கணக்கெடுப்பே முக்கியச் சான்று. மருத்துவர் போதிய நேரம் ஒதுக்கினாரா, சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டாரா, சிகிச்சையை விளக்கினாரா என்று அதன் வினாத்தாள் நோயாளரைக் கேட்டது. ‘மிக நன்று’ முதல் ‘மிக மோசம்’ வரை ஒன்றைக் குறிக்க வேண்டியிருந்தது. வங்கதேச, பாகிஸ்தான், இந்திய வம்சாவளியினரும் சீனரும் வெள்ளை இனத்தவரைவிடக் குறைத்தே மதிப்பிட்டுவருகின்றனர். எல்லா நோயாளரிடமும் குறைந்த மதிப்பெண் வாங்கும் குடும்ப மருத்துவர் நிலையங்களில் இவர்கள் அதிகம் பதிந்திருப்பது ஒரு காரணம். ஆனால் அது பாதிக் கதைதான்.

தெற்காசியர் மதிப்பெண் போடுவதிலேயே கறாரானவர்கள் என்றொரு விளக்கம் நெடுநாள் உலவியது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். நடிகர்களைக் கொண்டு மருத்துவர்–நோயாளர் சந்திப்புகளைப் படமாக்கி, வெள்ளை இனத்தவருக்கும் பாகிஸ்தான் வம்சாவளியினருக்கும் போட்டுக் காட்டினர். அதே காட்சிக்குப் பாகிஸ்தான் வம்சாவளியினர் கூடுதல் மதிப்பெண்ணே தந்தனர். ஆக, குறை பார்ப்பவரின் கண்ணில் இல்லை, கிடைக்கும் கவனிப்பில்தான் இருக்கிறது. 2016இல் வெளியான இந்த முடிவு, இத்துறையில் வேறெதையும்விட முக்கியமானது: நோயாளியையே குறை சொல்லும் சாக்கை அது பறித்துவிட்டது.

மொழி இன்னொரு தடை. கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில் சில்ஹெட்டி பேசும் வங்கதேசத்தார் பலர். அப்படியொரு தாய்க்கு மகனே மொழிபெயர்ப்பாளராக வந்தால், மாதவிடாய்க் கோளாறு ‘வயிற்று வலி’யாகச் சுருங்கிவிடும்.

பாலீர்ப்பு சார்ந்த வேறுபாடும் இதே கணக்கெடுப்பில் தெரிந்தது. 2009–10இல் பதிலளித்த 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் சுமார் 27,000 பேர் தன்பாலீர்ப்பினர் அல்லது இருபாலீர்ப்பினர். கசப்பான அனுபவம் இவர்களிடம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மருத்துவர்மீது நம்பிக்கையே இல்லை என்றவர்கள் எதிர்பாலீர்ப்பு ஆண்களில் 3.6%, தன்பாலீர்ப்பு ஆண்களில் 5.6%. இந்த அவநம்பிக்கைக்கு வரலாறு உண்டு. ஆண்களிடையிலான தன்பாலுறவு அங்கு 1967 வரை குற்றம். 1952இல் தண்டிக்கப்பட்ட கணிதவியலாளர் ஆலன் டூரிங், சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சையை ஏற்க நேர்ந்தது. மருத்துவமே தண்டனையான காலம் அது. இன்றும் ஒரு பெண்ணிடம் “கணவர் என்ன செய்கிறார்?” என்று மருத்துவர் இயல்பாகக் கேட்டாலே, பெண்ணைத் துணையாகக் கொண்டவள் வாயடைத்துப் போகிறாள்.

16 வயதும் அதற்கு மேலும் ஆனோரின் பாலீர்ப்பைக் கேட்டுப் பதிவதற்கான தரநிலையை 2017இல் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை வெளியிட்டது. விருப்பமில்லாதவர் பதில் சொல்ல வேண்டியதில்லை.