படத்துக்கு முன் ஒரு படம்

எழுபதுகளில் டூரிங் டாக்கீஸுக்குப் போனவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. கொஞ்சம் தாமதமாகப் போனாலும் பதற வேண்டியதில்லை. "நியூஸ் ரீல்தான் ஓடுது, போங்க" என்று டிக்கெட் கிழிப்பவரே சொல்லி உள்ளே அனுப்புவார். திரையில் ஓர் அணை திறந்துவைக்கப்படும். எங்கோ வெள்ளம் வந்திருக்கும். அமைச்சர் ஹெலிகாப்டரிலிருந்து பார்ப்பார். கணீரென்று ஒரு குரல் அத்தனையையும் விளக்கும். சில ஊர்களுக்கு அந்தச் செய்தி வந்து சேரும்போது வெள்ளம் வடிந்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். பெரிய நகரங்களில் ஓடித் தேய்ந்த பிரதிகள்தான் கடைசியில் சின்ன ஊர்க் கொட்டகைகளுக்கு வந்தன.

தியேட்டர்காரர் யாரும் அதை ஆசைப்பட்டுப் போடவில்லை. போடாவிட்டால் லைசென்ஸ் போய்விடும். இந்திய டாகுமெண்டரியின் கதையை இயக்குநர்களிடமிருந்து தொடங்குவதைவிட இந்த விதியிலிருந்து தொடங்குவதே சரி.

விதியைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போருக்கு ஆதரவு திரட்ட, 1940இல் 'பிலிம் அட்வைசரி போர்டு' என்ற அமைப்பு உருவானது. பிறகு அந்த இடத்துக்கு 'இன்பர்மேஷன் பிலிம்ஸ் ஆஃப் இந்தியா' வந்தது. படம் எடுத்தாயிற்று, யார் பார்ப்பார்கள்? 1943இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு காட்சியிலும் அரசு அங்கீகரித்த படத்தை 2,000 அடி வரை திரையிட்டே ஆக வேண்டும். 35 எம்.எம்.மில் அது ஏறக்குறைய 22 நிமிடம்.

அதே 1940இல் சென்னையிலிருந்து ஒருவர் எந்தச் சட்டத்தின் துணையும் இல்லாமல் ஒரு டாகுமெண்டரியை வெளியிட்டார். கோட்டையூர் ஏ.கே. செட்டியார்! டாகுமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட் என்ற கம்பெனியைத் தொடங்கி, கண்டம் கண்டமாக அலைந்து, காந்தியை யார் யாரோ படம்பிடித்திருந்த துண்டுகளைத் தேடிச் சேர்த்தார். சேர்ந்தது 50,000 அடி. வெட்டித் தொகுத்து மிஞ்சியது 12,000 அடி. விளக்கவுரை தமிழில். ஆனால் போர்க்காலத்தில் காந்தி படத்தை ஓட்டுவதற்குத் தியேட்டர்காரருக்கும் துணிச்சல் வேண்டும். அரசின் பிரசாரத்துக்கு எல்லா ஊரிலும் திரை இருந்தது. செட்டியாருக்கு அது இல்லை.

வெள்ளைக்காரன் பிரசாரத்துக்கு நம் வரிப்பணமா என்று மத்திய சட்டமன்றம் நிதியை மறுத்ததால் 1946இல் இன்பர்மேஷன் பிலிம்ஸ் மூடப்பட்டது. கோபம் நியாயமானதுதான். விளைவு, 1947 ஆகஸ்ட் 15 அன்று அதிகார மாற்றத்தைப் படம்பிடிக்க அரசிடம் ஒரு படப்பிரிவு இல்லை. வெளிநாட்டு நியூஸ் ரீல் நிறுவனங்களும் சில தனி ஒளிப்பதிவாளர்களும் எடுத்ததுதான் இன்று நாம் பார்ப்பது.

சூடுபட்ட அரசு மறு ஆண்டே பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷனைத் தொடங்கியது. தூக்கி எறிந்திருக்க வேண்டிய பழைய விதியும் கூடவே திரும்பி வந்தது. 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராப் சட்டத்தில் அது லைசென்ஸ் நிபந்தனையாக நிலைபெற்றது. படத்தைப் போடுவதோடு, வசூலில் ஒரு சதவீதம் வரை வாடகையும் தியேட்டர்காரரே கட்ட வேண்டும்!

ஒரே படம் தமிழ், தெலுங்கு, வங்காளி, இந்தி என்று பல மொழிகளில் போக வேண்டியிருந்தது, அந்தப் படங்களின் வடிவத்தையே தீர்மானித்தது. படமும் இசையும் எல்லாருக்கும் பொது. குரலை மட்டும் மொழிக்கு மொழி மாற்றினால் போதும். ஒரு விவசாயியைக் கேமரா முன் நிறுத்திப் பேசவிட்டால், அவர் பேச்சை எத்தனை மொழியில் மாற்றுவது? ஆகவே அவர் பேச வேண்டாம், ஏர் ஓட்டினால் போதும். அவருக்காக வர்ணனையாளர் பேசுவார். நம் நியூஸ் ரீல்களில் ஜனங்கள் வாயசைத்துக்கொண்டு ஊமையாகவே நடமாடியதற்கு அரசின் அதிகார மனப்பான்மை பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி இந்தச் சிக்கனம்.

அந்த ஊமைத்தனம் உடைந்தது அறுபதுகளில்தான். பாரிஸில் யுனெஸ்கோவில் பணியாற்றிய ஜான் பவ்நகரி 1965இல் பிலிம்ஸ் டிவிஷனுக்கு ஆலோசகராக வந்து, இளம் இயக்குநர்களுக்கு இடம் கொடுத்தார். எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1967இல் எடுத்த 'ஐ ஆம் 20' படத்தில், சுதந்திரம் பிறந்த ஆண்டிலேயே பிறந்த இளைஞர்கள் தாங்களே பேசினார்கள்; பெருமை, சலிப்பு, எரிச்சல் எல்லாம் அதில் இருந்தன. சுக்தேவ் தன் 'இந்தியா 67' படத்தில் வர்ணனையையே எடுத்துவிட்டார். ஓவியர் எம்.எஃப். ஹுசேனின் 'த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயின்டர்' அதே ஆண்டு பெர்லினில் குறும்படத்துக்கான தங்கக் கரடி விருதை வாங்கியது. இத்தனையும் அரசுப் பணத்தில், அரசு முத்திரையோடு. நியூஸ் ரீலை வைத்து மட்டும் பிலிம்ஸ் டிவிஷனை எடைபோடுகிறவர்கள் இவற்றை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசலாம்.

வியாபாரம் மட்டும் மாறவில்லை. தியேட்டருக்குள் நுழைய அரசின் அங்கீகாரம் தேவை என்பதால், சொந்தமாக டாகுமெண்டரி எடுத்தவருக்குச் சந்தையே கிடையாது. பார்வையாளர் கோடிக்கணக்கில் இருந்தார்கள், வாங்குபவர் ஒருவர்தான். பம்பாய்க் குடிசைவாசிகளைப் பற்றி 1985இல் படம் எடுத்த ஆனந்த் பட்வர்தன் போன்றவர்கள் புரொஜெக்டரோடு குடியிருப்புகளுக்கும் கல்லூரிகளுக்கும் போய்த் திரையிட்டார்கள். தூர்தர்ஷனில் இடம் பிடிக்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

தொலைக்காட்சி பரவியதும் நியூஸ் ரீலுக்கு வேலை போயிற்று. விதி மட்டும் சட்டப் புத்தகத்தில் அசையாமல் இருந்தது. தியேட்டர்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1999இல் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. மல்டிபிளெக்ஸ் காலத்தில் அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

பிலிம்ஸ் டிவிஷன் நடத்திவந்த மும்பை டாகுமெண்டரி விழாவுக்கு இந்தியப் படங்கள் தணிக்கைச் சான்றிதழோடு வர வேண்டும் என்று 2003இல் ஒரு நிபந்தனை வந்தது. டாகுமெண்டரிக்காரர்கள் கொதித்தார்கள். 2004 பிப்ரவரியில் அதே மும்பையில், அதே நேரத்தில், 'விகல்ப்' என்ற போட்டி விழாவைத் தாங்களே நடத்தினார்கள். அங்கே கூட்டம் கூடியது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கடைசியில், பிலிம்ஸ் டிவிஷனையே தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்.எஃப்.டி.சி.) இணைக்க மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் முடிவெடுத்தது.