மருந்து வீட்டுக்கு வந்த வரலாறு

நோய்களின் வரலாற்றை மருத்துவர்களின் வரலாறாக எழுதுவதே வழக்கம். அம்மையின் வரலாற்றில் ஜென்னரும், விசர்நாய்க்கடியின் வரலாற்றில் பாஸ்டரும் தலைமை பெறுகின்றனர். குழந்தைகளைப் பீடிக்கும் சலரோகத்தின் வரலாற்றிலும் அத்தகைய பெரியார் உளர். ஆயினும் அவ்வரலாற்றின் பிற்பாதி ஆய்வுகூடங்களை விட்டு அடுக்களைகளுக்கு வந்துவிட்டது. அதனை நடத்தியவர்கள் பெயர் அறியப்படாத தாய்மாரும் தந்தையருமே.

இந்நோய் நம் முன்னோர் அறியாததன்று. எறும்பு மொய்க்கும் சிறுநீரைக் கண்டு மதுமேகம் எனப் பெயரிட்டனர். பிறவியோடு ஒட்டி வந்து உடலை மெலிவிப்பது ஒன்று, தகாத உணவால் பருத்த உடலினர்க்கு வருவது மற்றொன்று என்று சுசுருத சங்கிதை இருவகை கூறுகின்றது. 1936இல் இலண்டனில் ஹிம்ஸ்வேர்த் என்னும் மருத்துவர், இன்சுலினுக்கு உடல் இணங்கும் முறையைக் கொண்டு இருவகையையும் சோதனையாற் பிரித்துக் காட்டினார். குழந்தைகளைப் பெரும்பாலும் தாக்குவது இன்று முதலாம் வகை எனப்படுகின்றது. உடலின் காவற்படை வழிதவறி, இரைப்பைக்குப் பின்னே கிடக்கும் சதையி என்னும் சுரப்பியில் இன்சுலின் ஆக்கும் கலங்களைத் தானே அழித்துவிடுகின்றது. இனிப்புத் தின்றதால் வந்த நோயன்று இது. தாயின் வளர்ப்பிலும் குற்றமில்லை. இதனை வீட்டார் உணர்வதே முதற் பாடம்.

1922க்கு முன் இந்நோய் கண்ட குழந்தையின் பெற்றோர்க்கு இருந்த வழி ஒன்றே. அமெரிக்க மருத்துவர் அலன் வகுத்த பட்டினி முறையால் சில மாதங்களையோ சில ஆண்டுகளையோ நீட்டிக்கலாம். அந்நாட்டு அயலுறவு அமைச்சராக விளங்கிய சார்ல்ஸ் எவான்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத்துக்கு 1919இல், 11 வயதில் இந்நோய் வந்தது. அமைச்சரின் மாளிகையிலும் சோறு அளந்தே வைக்கப்பட்டது. மூன்றாண்டுப் பட்டினியின் பின் அச்சிறுமியின் நிறை ஏறக்குறைய 45 இறாத்தலே. பசித்தழும் பிள்ளைக்கு உணவு மறுப்பதே தாயன்பின் கடமையாயிருந்த காலம் அது.

கனடாவின் ரொறன்ரோ நகரில் பாண்டிங், பெஸ்ட், கொலிப், மக்கிளியொட் ஆகிய நால்வரின் முயற்சியால் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1922 ஜனவரி 11ஆம் நாள் லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி இடப்பட்டது. மருந்தில் மாசு இருந்தமையால் உரிய பயன் விளையவில்லை. கொலிப் அதனைத் தூய்மை செய்தார். ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் ஊசி ஏறியது. இரத்தத்தின் சீனி விரைந்து இறங்கிற்று. சாவின் வாயிலில் நின்ற பையன் தெளிவுற்றான். கண்டுபிடித்தோர் தம் உரிமையைத் தலைக்கு ஒரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தனர். 1923இல் பாண்டிங்குக்கும் மக்கிளியொட்டுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

பல நூல்கள் கதையை இவ்விடத்தில் முடித்துவிடும். வீட்டாரின் கதையோ இங்கேதான் தொடங்குகின்றது. இன்சுலின் நோயைத் தீர்க்கவில்லை. நாள்தோறும் இட்டாலே உயிரைக் காத்தது. நாள்தோறும் மருத்துவர் வீட்டுக்கு வருதல் இயலுமோ? ஆதலின் மருத்துவரின் தொழிலிற் பாதி வீட்டார் கைக்கு மாறிற்று. கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிநீரில் இடுதல், மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டுதல், உணவைத் தராசில் நிறுத்தல், சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலுடன் காய்ச்சி நிறம் பார்த்தல் ஆகிய யாவும் குடும்பத்தின் அன்றாட வேலைகளாயின. நீலமாயின் சீனியில்லை, பச்சையும் மஞ்சளும் எச்சரிக்கை, செங்கல் நிறமாயின் ஆபத்து. எழுத்தறியாத தாயும் இந்நிறங்களைக் கற்றுக்கொள்ளலாம்.

இக்கைமாற்றத்தின் பெருமையை முதலில் உணர்ந்தவர்களுள் பொஸ்ரன் நகர மருத்துவர் ஜொஸ்லின் ஒருவர். நோயாளியும் வாசிக்கத்தக்க கைநூலொன்றை அவர் 1918இலேயே வெளியிட்டார். பின்னர்த் தாதியரைப் பயிற்றி வீடுகளுக்கே அனுப்பினார். இலண்டனில் றொபின் லோரன்ஸ் தாமே இந்நோயுற்ற மருத்துவர். இத்தாலியில் இறுதி நாளை எதிர்நோக்கியிருந்தவர், 1923இல் இன்சுலின் கிடைத்த செய்தி கேட்டுத் தாயகம் திரும்பி உயிர் பிழைத்தார். 1934இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸுடன் சேர்ந்து நீரிழிவு நோயாளருக்கென ஒரு சங்கம் நிறுவினார். நோயுற்றோர் ஒருவர்க்கொருவர் ஆசிரியராகலாம் என்பதே அதன் கருத்து.

எலிசபெத்தோ வேறு வழி சென்றார். ஊசியைத் தாமே இடக் கற்றார். மணந்தார், மக்களைப் பெற்றார், 1981 வரை வாழ்ந்தார். ஆனால் தம் நோயைப் பிறர் அறியாதவாறு வாழ்நாள் முழுதும் மறைத்தார். பெண்பிள்ளையின் நோய் ஊருக்குத் தெரிந்தால் கலியாணம் தடைப்படும் என்னும் அச்சம் நம் கிராமங்களுக்கே உரியதன்று என்பது இதனாற் புலப்படும்.

இனி நம் கரைக்கு வருவோம். ஒருபுறம் புத்தளம் களப்பும் மறுபுறம் பெருங்கடலும் அணைத்த கற்பிட்டித் தீபகற்பத்தில் உள்ளது எத்தாளை. அத்தகைய கடற்கரைக் கிராமத்தில் ஒரு பிள்ளை அடிக்கடி தண்ணீர் கேட்கின்றது, இரவில் பாயை நனைக்கின்றது, உண்டும் மெலிகின்றது. பூச்சி என்பர், கண்ணூறு என்பர். வாந்தியும் பெருமூச்சும் கண்டபின் ஆஸ்பத்திரிக்கு ஓடுவர். அதற்குள் காலம் கடந்துவிடக்கூடும். குறி கண்ட அன்றே சீனி பார்த்தால் உயிர் தப்பும்.

நோய் இன்னதென்று அறிந்த பின் அவ்வீடு கற்கவேண்டியவை சிலவே. ஆனால் ஒன்றையும் விடலாகாது. காய்ச்சலாலோ வாந்தியாலோ பிள்ளை உண்ணாத நாளிலும் இன்சுலினை அறவே நிறுத்தலாகாது. அளவை மருத்துவரிடம் கேட்கவேண்டும். நாட்டு மருந்தை நம்பி ஊசியைக் கைவிடுதல் உயிருக்கே உலை வைக்கும். வியர்த்து நடுங்கினால் சீனி குறைந்ததென்று கருதி உடனே சீனித் தண்ணீர் கொடுக்கவேண்டும். இதனைப் பாட்டியும் அண்ணனும் வகுப்பாசிரியரும் அறிந்திருத்தல் நன்று. நோன்பு மாதத்தில் நோயாளிக்கு மார்க்கமே சலுகை அளித்திருப்பதையும் பெரியோர் பிள்ளைக்கு எடுத்துரைக்கலாம்.

குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டார் கலங்கவேண்டியதில்லை. ஈரமண்ணும் மட்பானையும் மருந்தின் வெப்பத்தைத் தணிக்கும். கென்யாவின் அகதி முகாம் வெப்பநிலையை ஒட்டி நிகழ்த்தி 2021இல் வெளியான ஆய்வு, 25 முதல் 37 பாகை வரை ஏறியிறங்கும் வெப்பத்திலும் இன்சுலின் நான்கு வாரம் தன் வலிமையை இழப்பதில்லை என்று காட்டிற்று. நம் அடுக்களை மூலையிலிருக்கும் தண்ணீர்ப்பானை இவ்வரலாற்றில் இடம்பெறும் பொருளே.

இவ்வுழைப்புக்குப் பயனுண்டோ எனின், உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடத்தி 1993இல் வெளியிட்ட பேராய்வு, இரத்தச் சீனியை இயன்றவரை இயல்பான அளவுக்கு அருகில் வைத்திருப்போர்க்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கேடு பெரிதும் குறைவதை நிறுவிற்று. காலையில் பள்ளிக்குப் போகுமுன் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுக்கும் தாய், இருபது ஆண்டுகளுக்குப் பின் தன் மகளுக்கு இருக்கவேண்டிய கண்பார்வையை அன்றைக்கே காக்கின்றாள்.

பாண்டிங்கின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. அவர் தந்த மருந்தை ஒருநாளும் தவறாது பிள்ளைக்குச் சேர்ப்பிக்கும் கைகளுக்கு நூல் இல்லை. அயலார் அறிந்து ஆதரவு தந்தால் அக்கைகளின் பாரம் குறையும்.