துபாசியின் கடிதம்

சார்டிஸ் நகரில் பிடிபட்ட கிரேக்க ஒற்றர் மூவரைப் பாரசீக மன்னன் செர்க்ஸஸ் கொல்லவில்லை. தன் படை முழுவதையும் காட்டித் திருப்பியனுப்பினான் என்கிறார் ஹெரோடோட்டஸ். பெரும்படை உடையவனுக்கு அச்செருக்குத் தகும். பட்டினி கிடக்கும் கோட்டைக்கோ மறைவே உயிர். இதற்குச் சான்றாக எங்கள் புதுக்கோட்டைச் சீமையையே நான் காட்டுவேன்.

1753, 1754ஆம் ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளியில் முற்றுகைப்பட்ட ஆங்கிலேயருக்குச் சோறளித்தது தொண்டைமான் நாடு. காட்டு வழியே நெல்லும் மாடுகளும் சென்றன. எந்த இரவு, எந்த வழி என்ற செய்தி படையினும் அரியது. அதனைத் திரட்டிப் பொதிகளைக் காத்தவர் சிப்பாய்த் தலைவர் யூசுப்கான். இவ்வுதவிக்காகவே 1754இல் பிரெஞ்சுப் படை தொண்டைமான் ஊர்களை எரித்தது.

தளபதி லாரன்ஸுக்கு நம் மொழிகள் தெரியா. ஒற்றர் சொல்வதெல்லாம் பொன்னியப்பன் என்னும் துபாசியின் வாய்வழியே அவர் செவியை எட்டின. அத்துபாசியோ மைசூர் நஞ்சராஜருடன் மறைவில் தொடர்பு கொண்டிருந்தார். யூசுப்கான் ஒழிந்தால் உணவு வழி அடைபடும் என எண்ணி, அவரைத் துரோகியாகக் காட்டும் பொய்க் கடிதமொன்றை ஆங்கிலேயர் கையில் சிக்கவைத்தார். அதற்குப் பொருள் சொல்லவும் அதே துபாசியைத்தானே நம்ப வேண்டும்!

விசாரணையில் சூழ்ச்சி வெளிப்பட்டது. பொன்னியப்பன் பீரங்கி வாயில் மாண்டார். யூசுப்கான் பிழைத்தார், பத்தாண்டுகள் மட்டும். 1764இல் மதுரையில் அவரைக் காட்டிக்கொடுத்தவர்கள் அவர்தம் ஆட்களே. தூக்கிலிட்டவர்கள், அன்று அவர் சோறு கொண்டுசென்று காத்த தரப்பினர்.